ஜியாரத்துக்கு வந்த மீன்

சென்ற கல்வியாண்டில் எம் துறையின் இலக்கிய மன்றக் கூட்டத்தில் முதுகலை மாணவர் ஒருவர் தாம் எழுதிய சிறுகதையொன்றைப் படித்தார். சிந்து நதியில் உறைவதாக நம்பப்படும் ஹிள்ரு (அலை) அவர்களைக் காண ஒரு மீன் கடலிலிருந்து புறப்படுகிறது. பல நாள் நீரை எதிர்த்து நீந்தி, தர்கா கண்ணுக்குத் தெரியும் தொலைவுக்கு வந்தபின் இரும்புக் கதவுகள் அதன் வழியை மறிக்கின்றன. ‘நான் வரும் பாதையை அடைத்துவிட்டார்கள். தாங்களாவது இறங்கி வரலாகாதா?’ என்று அது கேட்கிறது. கதை அவ்வளவே.

படித்து முடித்ததும் அவையில் சலசலப்பு எழுந்தது. விருந்தினராக வந்திருந்த ஜமாஅத் பெரியவர் ஒருவர் எழுந்து, ‘இறைநேசரை ஒரு மீன் கேள்வி கேட்பதா? முன்னோர் சொல்லிச் சென்ற கராமத்துகளில் நம் விருப்பம்போல் கை வைக்கலாமா?’ என்று வினவினார். பின்வரிசையிலிருந்த இளம் ஆசிரியர் ஒருவரோ முற்றிலும் வேறொரு காரணத்தால் வருந்தினார். ‘குர்ஆனிலும் ஹதீஸிலும் இல்லாத தர்காக் கதைகளைப் புதுப்பித்து ஏன் உலவ விடவேண்டும்? அவை மறந்துபோவதே நல்லதன்றோ?’ என்றார் அவர்.

ஒருவர் கதையைத் தொடவேண்டா என்றார். மற்றவர் கதையே வேண்டா என்றார். மாணவர் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, ‘இந்த மீன் ஆன்மாவின் குறியீடு, ஐயா’ என்று மெல்லிய குரலில் கூறி அமர்ந்தார். தலைமையேற்றிருந்த நானோ நேரமின்மையைக் காரணம் காட்டி நன்றியுரைக்குச் சென்றுவிட்டேன். அது சரியன்று என்ற உறுத்தல் பல நாள் இருந்தது. அன்று சொல்லத் தவறியதை இம்மலரில் சொல்ல முனைகிறேன்.

பழங்கதை

முதலில் அப்பழங்கதையைக் கூறிவிடுதல் நலம். நம் பகுதியில் அதை அறிந்தோர் மிகச் சிலரே.

இன்றைய பாகிஸ்தானின் சிந்து மாநிலத்தில் சுக்கூர், ரோஹ்ரி என்னும் ஊர்கள் ஆற்றின் இரு கரைகளிலும் எதிரெதிரே அமைந்துள்ளன. இடையே பக்கர் என்னும் பாறைத்தீவு. அதனையடுத்த சிறு தீவொன்றில் குவாஜா கிஸ்ரின் தலம். நாம் ஹிள்ரு என வழங்கும் பெயரே அங்குக் கிஸ்ர் என ஒலிக்கிறது. அவர் இன்றும் உயிருடன் உலவுகிறார் என்னும் நம்பிக்கையால் மக்கள் ‘ஜிந்தா பீர்’ என்றும் அழைப்பர். பச்சை ஆடையும் வெண்தாடியும் கொண்ட முதியவராக, பெரியதொரு மீனின் முதுகில் நீரைக் கடந்து வருபவராக ஓவியங்கள் அவரைக் காட்டுகின்றன. அவரைச் சுமக்கும் அம்மீன் ‘பல்லா’ எனப்படுவது.

பல்லா கடலில் வாழும் மீன். வெள்ளம் பெருகும் பருவத்தில் சிந்துவின் முகத்துவாரத்தில் புகுந்து ஆற்றை எதிர்த்து ஏறும். அது ஏன் ஏறுகிறது என்பதற்குச் சிந்து மீனவர் கூறும் விளக்கம் இனிமையானது. அது ஜிந்தா பீரை ஜியாரத்துச் செய்யவே வருகிறதாம். கடலில் இருக்கும்வரை மங்கிய நிறத்தோடிருக்கும் மீன், அத்தலத்தை அடைந்தபின்னரே வெள்ளிபோல் ஒளிரத் தொடங்குகிறதாம். திரும்பும்போதும் அது இறைநேசருக்குப் புறங்காட்டுவதில்லையாம். நம் பகுதித் தர்காக்களிலும் ஜியாரத்து முடித்தோர் பின்னோக்கி அடிவைத்து வெளிவருவதைக் கண்டிருக்கிறோம். அந்த அதபை மீனுக்கும் அளித்திருக்கிறார்கள் அம்மக்கள்!

அவர்கள் பல்லாவைப் பிடித்த முறையும் இவ்விடத்தில் சொல்லத்தக்கது. வாய் குறுகிய பெரிய மட்பானையொன்றை ஆற்றில் மிதக்கவிட்டு, அதன்மேல் மீனவர் குப்புறப் படுத்துக்கொள்வார். கைகளில் நீண்ட கழியில் கட்டிய வலை. மீன் சிக்கியதும் தாம் படுத்திருக்கும் பானைக்குள்ளேயே அதை இட்டுக்கொள்வார். பத்தொன்பதாம் நூற்றாண்டில் சிந்துவில் பயணம் செய்த ஆங்கிலேயர் பலர் இதனை வியந்து எழுதியுள்ளனர். மீன்மேல் அமர்ந்த முதியவரின் ஓவியத்தைப் பார்க்கும்போதெல்லாம் பானைமேல் கிடக்கும் இம்மீனவரே என் நினைவுக்கு வருகிறார். ஓவியம் வரைந்தவர் அவரை நாள்தோறும் பார்த்தவராகவே இருந்திருப்பார்.

அதே மீன்மீது அமர்ந்தவரைச் சிந்தி இந்துக்கள் உதேரோலால் என்றும் ஜூலேலால் என்றும் வழிபடுகின்றனர். 1947ஆம் ஆண்டுப் பிரிவினையின்போது இந்தியாவுக்கு வந்த சிந்தி மக்களின் வீடுகளிலும் கடைகளிலும் அப்படத்தை இன்றும் காணலாம். சுக்கூர் அருகிலுள்ள தீவுத் தலத்தில் இரு சமயத்தாரும் நெடுங்காலம் ஒன்றாகவே கூடிவந்தனர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் உரிமைப் பூசல் எழுந்து, இந்துக்கள் கரையில் தனித்தலம் அமைத்துக்கொண்டனர். மீன் மட்டும் யார் தலம் எது என்று பாராமல் அதன்பின்னும் சில பத்தாண்டுகள் ஏறி வந்துகொண்டிருந்தது.

கேள்வியும் தோழமையும்

பெரியவரின் தடைக்கு வருவோம். ஹிள்ரு (அலை) அவர்களை நபி என்போரும் உளர், வலி என்போரும் உளர்; மார்க்க அறிஞரிடையே இதில் கருத்து வேறுபாடு உண்டு. எவ்வாறாயினும், அவரைக் கேள்வி கேட்பது தகாது என்று பெரியவர் சொன்னதற்குத் திருமறையிலேயே ஓர் அடிப்படை இருக்கிறது. கஹ்பு அத்தியாயத்தில், தம்மைப் பின்தொடர விரும்பிய மூசா (அலை) அவர்களுக்கு அந்த நல்லடியார் விதித்த நிபந்தனையே, தாமாக விளக்கும்வரை எதைப் பற்றியும் கேட்கக்கூடாது என்பதுதான். மூசா (அலை) பொறுக்கமாட்டாமல் கேட்டுவிட்டார். மூன்றாம் முறைக்குப்பின் இருவரும் பிரிய நேர்ந்தது. பெரியவர் இதனை மனத்திற்கொண்டே பேசியிருப்பார் என நினைக்கிறேன்.

ஆயினும் அதே நிகழ்ச்சியை மீண்டும் ஒருமுறை நோக்குவோம். மூசா (அலை) கேளாதிருந்தால் அந்த மூன்று செயல்களின் விளக்கமும் நமக்குக் கிடைத்திருக்குமா? முதற்கேள்வி எதைப் பற்றியது? ஓட்டையிடப்பட்ட ஓடத்தைப் பற்றியது. அதன் உடைமையாளர் கடலில் உழைத்துப் பிழைக்கும் ஏழைகள். பழுதற்ற ஓடங்களையெல்லாம் பறித்துக்கொள்ளும் அரசன் ஒருவன் இருந்தான். அவன் கையில் சிக்காதிருக்கவே ஓடம் பழுதாக்கப்பட்டது. ஏழைகளுக்குத் தீங்கு நேர்கிறதே என்று அஞ்சி எழுந்த அந்தக் கேள்வியின் மறுமொழியில், அவ்வேழைகளைக் காக்கும் ஏற்பாடே வெளிப்பட்டது. மாணவரின் மீன் கேட்டதும் இவ்வகைக் கேள்வியே. அதில் மரியாதைக் குறைவு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

இன்னொன்றும் உண்டு. அந்நிகழ்ச்சியில் மூசா (அலை) அவர்களை அந்நல்லடியாரிடம் கொண்டு சேர்த்தது எது? உணவுக்கென்று கூடையில் எடுத்துச் சென்ற மீன். அது உயிர்பெற்றுக் கடலில் நழுவிச் செல்கிறது. உடன்வந்த இளைஞர் அதனைச் சொல்ல மறந்துவிடுகிறார். இருவரும் வெகுதூரம் நடந்து களைத்து, உணவைக் கொண்டுவா என்று கேட்கும்போதுதான் மீன் போன செய்தி தெரியவருகிறது. அவ்விடத்தையே நாம் தேடி வந்தோம் என்று மூசா (அலை) அடிச்சுவடு பற்றித் திரும்புகிறார். அந்த மீன் தன் போக்கில் நீருக்குச் சென்றது. அதனால்தான் வழி தெரிந்தது. சிந்துவின் கதையை முதலிற் சொன்னவர்கள் இந்த அத்தியாயத்தை வெள்ளிதோறும் ஓதிய அல்லது ஓதக்கேட்ட மக்கள் என்பதை மறத்தலாகாது.

இளம் ஆசிரியருக்கு ஒரு சொல். பல்லா மீனின் ஜியாரத்து அகீதாவின் பகுதியன்று. அதனை நம்பவேண்டும் என்று எவரும் கூறவில்லை, நானும் கூறவில்லை. ஆனால் அதை மறந்துவிடலாம் என்பதை நான் ஒப்பேன். காரணத்தைச் சற்றுப் பின்னர் கூறுகிறேன்.

உமறுப்புலவர் காட்டிய வழி

பழங்கதையை மீண்டும் படைத்தல் நமக்குப் புதிதன்று. சீறாப்புராணத்தின் நுபுவ்வத்துக் காண்டத்தில் வரும் ‘மானுக்குப் பிணைநின்ற படல’த்தை நம் மாணவர் பலரும் பயின்றிருப்பர். வேடனின் பிடியிலிருந்த பெண்மான், தன் கன்றுக்குப் பாலூட்டி வர விடை வேண்டுகிறது. அண்ணல் நபி (ஸல்) அவர்கள் பிணைநிற்கிறார்கள். மான் சொன்னபடி திரும்பி வருகிறது. கதையின் கரு அரபு வழியினது. அதை உமறுப்புலவர் தமிழ் நிலத்தின் காடாகவும் மானினமாகவும் விரித்து, மானின் துயரத்துக்குத் தமிழில் வாய் கொடுத்தார். நபியவர்களின் பெருமை அதனாற் குறைந்ததாக எவரும் சொன்னதில்லை.

அப்படலத்தின் வலிமை எங்குள்ளது என்று பல ஆண்டு வகுப்பில் நடத்தியும் நான் எண்ணிப் பார்த்ததில்லை. மாணவரின் கதையே எண்ண வைத்தது. அம்மானுக்குத் தனக்கென ஒரு கடமை உண்டு. அதன் கன்று பசித்துக் காத்திருக்கிறது. நபியவர்களின் சிறப்பைக் காட்டுவதற்கென்றே நிறுத்திவைத்த பொம்மையன்று அது. கன்றை நீக்கிவிட்டுப் படலத்தைப் படித்துப் பாருங்கள். பிணைநின்றதற்கே பொருளில்லாமற் போகும்.

ஆகவே மாணவர் ‘இது ஆன்மாவின் குறியீடு’ என்று கூறியபோதுதான் எனக்கு மனக்குறை ஏற்பட்டது. கதையில் மீனாக இருந்ததை அவரே கடைசியில் மீனல்லாததாக ஆக்கிவிட்டார். மீனென்றால் ஆன்மா, ஆறென்றால் வாழ்க்கை, கதவென்றால் உலகப்பற்று என்று பெயர்த்துக்கொண்டே போவது எளிது. நம் தேர்வு வினாக்களும் அப்படியே கேட்டுப் பழகிவிட்டன (குற்றத்தில் எமக்கும் பங்குண்டு). அந்தப் பெயர்ப்பில் அவையிலிருந்த எவருக்கும் இழப்பில்லை, மீனுக்குத்தான் இழப்பு. பல்லாவுக்கும் மானைப்போலவே ஒரு கன்று உண்டு. அது ஆற்றில் ஏறுவது நன்னீரில் முட்டையிடுவதற்காக. அது சினையோடு வருவதை அதன் வயிற்றைக் கீறிய மீனவர் அறியாதவரல்லர். அறிந்தும் அதை ஜியாரத்து என்று சொன்னார்கள்.

கதவுகள்

மாணவரின் கதையில் ஒரு தகவற் பிழையும் உண்டு. மீன் தர்காவைப் பார்க்கும் தொலைவில், அதாவது சுக்கூர்த் தடுப்பணையின் கதவருகே, நிற்பதாக எழுதியிருந்தார். சுக்கூர்த் தடுப்பணை 1932இல் திறக்கப்பட்டது. அது தர்காவுக்குச் சில கிலோமீட்டர் கீழே உள்ளது. அதற்கு முன் பல்லா சுக்கூரைத் தாண்டி முல்தான் வரையிலும் சென்றதாகப் பதிவுகள் உண்டு. ஆனால் 1955இல் ஹைதராபாத்துக்கு அருகே கோட்ரித் தடுப்பணை எழுந்தது. அது சுக்கூருக்கு முந்நூறு கிலோமீட்டருக்கும் கீழே, கடலை நோக்கிய பக்கத்தில் இருக்கிறது. அங்கே அமைத்த மீனேணிகளும் பல்லாவுக்கு உதவவில்லை. எனவே மீன் சுக்கூர்க் கதவை முட்டவே முடியாது. கோட்ரியிலேயே அதன் பயணம் முடிந்துவிடுகிறது. தர்காவின் ஒளி அதன் கண்ணுக்குத் தெரிவதேயில்லை. உண்மை, மாணவரின் கற்பனையைக் காட்டிலும் கொடியது.

சுக்கூர்ப் பகுதி மக்களிடையே இன்னொரு கதையும் உண்டு. முற்காலத்தில் சிந்து நதி அரோர் நகரத்தை ஒட்டி ஓடியதாம். அந்நகரத்து அரசனின் கொடுமைக்கு அஞ்சிய வணிகன் ஒருவன் குவாஜா கிஸ்ரிடம் முறையிட, ஆறு ஒரே இரவில் தடம் மாறி ரோஹ்ரிப் பக்கம் ஓடத் தொடங்கியதாம். நன்றிக்கடனாக அவ்வணிகனே அத்தலத்தைக் கட்டினானாம். ஆறு அரோரை விட்டு விலகியது வரலாற்றாசிரியரும் ஒப்பும் செய்தி. ஒடுக்கப்பட்ட ஒருவனுக்காக இறைநேசர் ஆற்றைத் திருப்பினார் என்று சொன்ன ஊரிலேயே, பின்னாளில் பொறியாளர்கள் ஆற்றை வாய்க்கால்களில் திருப்பினார்கள்.

அணைகளைப் பழிப்பது என் நோக்கமன்று. சுக்கூர் வாய்க்கால்கள் பல இலட்சம் ஏக்கரை விளைவித்தன. நம் விடுதியில் நாம் உண்ணும் சோறும் மேட்டூர் நீரில் விளைந்ததே. மீனுக்காக வயலை விடு என்று பசித்தவனிடம் சொல்வதற்கு எனக்கு வாயில்லை. ஆயினும் கட்டியபோது எவரும் மீனைக் கேட்கவில்லை, மீனவரையும் கேட்கவில்லை என்பதைப் பதிவு செய்வதில் தவறில்லையே.

மேட்டூரைச் சொன்னதற்குக் காரணம் உண்டு. சிந்து மக்கள் பல்லா என்பதும், வங்க மக்கள் இலிஷ் என்பதும், நம் கடற்கரையில் உல்லம் என வழங்குவதும் ஒரே மீன். அது காவிரியின் வெள்ளப் போக்கியான கொள்ளிடத்திலும் ஏறிவந்த மீன்! 1836இல் முக்கொம்பிலும் அணைக்கரையிலும் ஆர்தர் காட்டன் அணைகள் கட்டியபின்னும், வெள்ளம் மிகும் காலத்தில் அது வந்துகொண்டுதான் இருந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னை மாகாண மீன்துறையினர் கொள்ளிடக் கரையிலேயே உல்ல மீனின் முட்டைகளைச் செயற்கை முறையில் பொரிக்கச் செய்து பார்த்தனர். 1934இல் மேட்டூர் அணை வெள்ளத்தைத் தன்னுள் அடக்கிக்கொண்டது. அதன்பின் அந்த மீன்பிடிப்பு சுருங்கி அற்றுப்போயிற்று.

இளம் ஆசிரியருக்குச் சொல்லவேண்டிய காரணம் இதுவே. சிந்துவில் பல்லா வரவில்லை என்பதைச் சிறு குழந்தையும் கேட்கும். ஜியாரத்துக்கு வரவேண்டியவர் வரவில்லை என்றால் வீட்டார் விசாரிப்பார்கள் அல்லவா? அங்கே மீனுக்கு ஒரு கதை இருந்தது. ஆகவே அதன் இடம் காலியாகத் தெரிகிறது. கொள்ளிடத்தில் உல்லம் வராமற்போனதைப் பற்றி நம் ஊர்களில் எவரேனும் பேசக் கேட்டதுண்டா? நான் இந்த ஆற்றங்கரையில் பிறந்து வளர்ந்தவன். ஆற்றில் கடல்மீன் ஏறிவந்தது என்பதையே ஒரு நூலில் படித்துத்தான் அறிந்தேன். நம்மிடம் அதற்கு ஒரு கராமத்தும் இல்லை, ஒரு மௌலூதும் இல்லை, ஒரு படலமும் இல்லை. அதனால் அது வந்ததும் தெரியவில்லை, போனதும் தெரியவில்லை.

மாணவர்க்கு நான் கூறுவது, கதையை மீண்டும் எழுதுக என்பதே. மீனைக் கோட்ரியில் நிறுத்துக. அதன் வயிற்றில் சினையை வைக்க. பானைமேல் கிடக்கும் மீனவரையும் சேர்த்துக்கொள்க. அவருக்கும் அந்நாளில் வேலையற்றுப்போனது. ஹிள்ரு (அலை) மறுமொழி சொல்லவேண்டுமென்பதில்லை. அவர் விளக்கம் தமக்குரிய வேளையிலேயே வரும் என்பது கஹ்பு அத்தியாயத்தை ஓதியவர்க்குத் தெரியும்.

இக்கட்டுரையின் கைப்படியை அச்சுக்கு அனுப்புமுன் அந்தப் பெரியவரிடம் கொடுத்துப் படிக்க வேண்டினேன். ஒரு வாரம் கழித்துத் துறைக்கு வந்தார். அம்மாணவரையும் அழைத்திருந்தேன். கராமத்தைப் பற்றி அவர் எதுவும் பேசவில்லை. மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, ‘தம்பி, எங்கள் நன்னாவுக்குக் கொள்ளிடக் கரையில்தான் ஊர். ஆடிப் புதுவெள்ளத்தோடு உல்லம் ஏறும் என்று சொல்வார்கள். கடல்மீன் ஆற்றில் ஏறுமா, நன்னா பெரிதுபடுத்துகிறார்கள் என்று நாங்கள் பிள்ளைகள் சிரிப்போம்’ என்றார்.

‘அது எங்கே போகிறது என்று சொன்னார்களா, ஹாஜியார்?’ என்று மாணவர் கேட்டார்.

பெரியவர் நெடுநேரம் யோசித்தார்.

‘அதை நான் கேட்கவில்லையே, தம்பி’ என்றார்.